விசுவாசம் யாரிடம் கேட்பது?

2025 நவம்பரில் ஐபிஎல் கிரிக்கெட்டில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை எடுத்ததிலிருந்து, "விசுவாசம் எங்கே?" என்று ஒரே ஒப்பாரி. கேள்வி சரிதான், ஆனால் அதை எப்போதும் ஆட்டக்காரரிடமே கேட்கிறோம். 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் கோப்பையை வென்று தந்த ஜடேஜாவின் சம்பளம், இந்த மாற்றத்தில் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. அதே போட்டியில் குஜராத்துக்காக 96 ரன் அடித்த சாய் சுதர்சனின் ஐபிஎல் விலை அப்போது 20 லட்சம். அந்த வருஷம் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்ததோ 21.6 லட்சம்! ஒப்பந்தம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

ஆட்டக்காரர் இஷ்டத்துக்கு விட்டால் பணக்கார அணி எல்லோரையும் அள்ளிக்கொள்ளாதா என்பார்கள். நியாயமான பயம். அதற்குத்தான் எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் அந்த அளவு கறாரான வரம்புகூடக் கிடையாது. 1975இல் வந்த ஒரு தீர்ப்பால் அங்கே ஆட்டக்காரர்களுக்கு அணி மாறும் உரிமை கிடைத்தும் அந்த விளையாட்டு அழிந்துவிடவில்லை.

முதலாளி இஷ்டப்படி நடப்பதைக் காரைக்குடிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2016 முதல் 2019 வரை டிஎன்பிஎல்லில் ஆடிய காரைக்குடி காளை, பிறகு திருப்பூர் தமிழன்ஸ் ஆகி 2025இல் கோப்பையும் வென்றது. ஊர்ப் பெயரையே மாற்ற முதலாளிக்கு உரிமை உண்டென்றால், நல்ல விலை கேட்கும் பையன் மட்டும் எப்படித் துரோகி? குறைந்த விலைக்கு வந்தவர் சாதித்தால், ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே சம்பளம் உயர விதி வேண்டும்.