கொய்னா மலையில் நான்கு நாள்

நம் நாட்டில் ‘ஹோம்ஸ்டே’ என்றால் பெரும்பாலும் ஒரு வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு, நாமே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இமயமலைக் கிராமங்களில் அப்படியல்ல. அங்கே அவர்களுடைய அடுப்படிதான் நமக்குச் சாப்பாட்டு அறை. அவர்கள் வீட்டுப் பாட்டி இருமினால் நமக்கும் தூக்கம் கலையும்!

கடந்த டிசம்பர் மாதத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அப்படியொரு வீட்டில் நான்கு நாள் தங்கி வந்தோம். ஊரின் பெயர் லாட்பஞ்சர். மேற்கு வங்காளத்தில், டார்ஜிலிங் மாவட்டத்தில், ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில் இருக்கும் சிறு கிராமம்.

“இமயமலைக்குப் போகிறவர்கள் டார்ஜிலிங் நகரத்துக்கல்லவா போவார்கள்?” என்று மகன் கேட்டான். நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். அந்த ஊரைச் சுற்றியிருப்பது சிங்கோனாத் தோட்டம் என்று படித்திருந்தேன். நம் தோட்டத்துப் பெரியவர்கள் ‘கொய்னா’ என்பார்களே, அந்த மலேரியா மருந்தைத் தரும் மரம். என் தாத்தாவை 1943இல் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டுக் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாராம். “ஒரு கொய்னா மாத்திரை கிடைச்சிருந்தா மனுசன் திரும்பி வந்திருப்பாரு” என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரத்தை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோலாலம்பூரிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து பாக்டோக்ரா வரை விமானம். பிறகு ஜீப். சிலிகுரியைத் தாண்டியதும் சமவெளி முடிந்து, டீஸ்டா ஆறு பச்சை நிறத்தில் கூடவே வருகிறது. சேவோக் என்னுமிடத்தில் 1941இல் திறக்கப்பட்ட பழைய வளைவுப் பாலத்தைக் கண்டோம். அதைக் கடக்காமல் சற்றுத் தூரம் போய், காளிஜோராவில் இடப்பக்கம் திரும்பினால் 13 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். சாலை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் கந்தர் சஷ்டிக் கவசத்தை இரண்டு முறை முடித்துவிட்டார்.

வீடு மரமும் தகரமுமாக இருந்தது. வாசலில் சாமந்திப்பூத் தொட்டிகள், பின்னால் கோழிக்கூண்டு, வேலியெங்கும் சௌசௌ கொடி. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் “திதி” என்றார். நேபாளி மொழியில் அக்கா. நானும் “பஹினி”, அதாவது தங்கச்சி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். மற்றப் பேச்செல்லாம் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் வழியாகத்தான். எனக்குத் தெரிந்த இந்தி சினிமாப் பாட்டோடு நின்றுவிடும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். சோறு, பருப்பு, கடுகுக்கீரை, முட்டைக் குழம்பு. ‘குந்துருக்’ என்று ஒன்று: கடுகுக்கீரையைப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்துச் சூப்பாக வைக்கிறார்கள். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். ‘டல்லே’ என்ற உருண்டைச் சிவப்பு மிளகாய் இருக்கிறதே, நம் சிலி பாடியெல்லாம் அதன் முன்னே குழந்தை. வெந்நீர் வேண்டுமென்றால் விறகடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து தருகிறார்கள். இரவில் குளிர் எலும்பைத் தொடுகிறது. இரண்டு கம்பளி போதாமல் மூன்றாவதும் வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலை மகள் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். சிங்கோனா மரம் பெரிய காட்டு மரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியொன்றும் இல்லை. மெலிந்த மரம், அகலமான இலை, பழுத்த இலைகள் மட்டும் சிவந்து தொங்குகின்றன. மருந்து பட்டையில்தான். மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்து உலர்த்துகிறார்கள். பால்மரத்தைப்போல் நாள்தோறும் சீவிவிட்டு வரும் வேலையல்ல. கீழே கிடந்த ஒரு துண்டுப் பட்டையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடேயப்பா, அந்தக் கசப்பு மத்தியானம்வரை போகவில்லை. பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இந்த மலையில் சிங்கோனா பயிரிட ஆரம்பித்தது 1860களில். அடுத்துள்ள மங்க்பூவில் குயினைன் ஆலையும் வந்தது. பிற்காலத்தில் உலகத்துக்கு வேண்டிய கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் இந்தியத் தோட்டங்களுக்குத் திடீரென்று மதிப்புக் கூடிற்று. போர் முடிந்து செயற்கை மருந்துகள் பரவியதும் அந்த மதிப்பு இறங்கத் தொடங்கியது. இன்று மங்க்பூ ஆலை ஓடவில்லை. தோட்டம் மட்டும் மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

மங்க்பூவுக்கும் ஒரு நாள் போய் வந்தோம். கவி ரவீந்திரநாத் தாகூர் 1938க்கும் 1940க்கும் இடையில் சில முறை வந்து தங்கிய வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. ஆலையின் பெரிய அதிகாரியாக இருந்த மன்மோகன் சென் என்பவரின் மனைவி, எழுத்தாளர் மைத்ரேயி தேவி, கவிஞரைத் தம் வீட்டு விருந்தாளியாக வைத்திருந்தார். அப்படிப் பார்த்தால் ஹோம்ஸ்டேயில் எங்களுக்கு மூத்தவர் தாகூர்தான்!

ஊரைச் சுற்றி நடக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. வரிசையாகத் தோட்டத்துக் குடியிருப்பு, காலையில் ஆள் கூடுமிடம், சம்பள நாள் பேச்சு, அப்பா ஓய்வு பெற்றால் மகனுக்கு அந்த வேலை கிடைக்குமா என்ற கவலை. இவர்களுடைய முன்னோர்கள் நேபாளத்திலிருந்து இந்த மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். ஆள் திரட்டியவருக்கு அங்கே ‘சர்தார்’ என்று பெயர். நமக்குக் கங்காணி. வேறென்ன வித்தியாசம்?

வந்த அன்றைக்கே நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அயல்நாட்டு விருந்தாளிகள் வந்தால் அரசாங்கத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டுமாம். மகள் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். ‘நிரந்தர முகவரி’ என்ற இடம் வந்ததும் எங்கள் தாமான் வீட்டு எண்ணைச் சொன்னேன். அம்மாக்காரி மகளிடம் ஏதோ கேட்டார். “அது உங்கள் சொந்த வீடா என்று அம்மா கேட்கிறார்” என்றாள் மகள். ஆமாம் என்றேன். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு அடுப்படியில் விளங்கிற்று. மின்சாரம் நின்றுபோய், அடுப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் என்று சொன்னேன். தோட்டத்தை விற்றார்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. அப்பா நாற்பது வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. வாழைமரத்தில் குலை தள்ளியிருந்த நேரம். அம்மா அந்தக் குலையைப் பார்த்துக்கொண்டே லோரியில் ஏறினார்.

மகள் சொல்லச் சொல்லப் பஹினி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்த வீட்டுக்கும் எங்கள் பேரில் காகிதம் இல்லை, திதி” என்றார். வீட்டைக் கட்டியது மாமனார். கூரை மாற்றியது கணவர். விருந்தாளி அறையும் குளியலறையும் இவர் சீட்டுப் பிடித்த பணத்தில் கட்டியது. நிலம் மட்டும் தோட்டத்தினுடையது. டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் ‘ஹட்டாபாஹர்’ என்று ஒரு வழக்கம் இருந்ததாம். ஒரு தொழிலாளியைப் பிடிக்காவிட்டால் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டே விரட்டிவிடுவது. 1955இல் நடந்த தொழிலாளர் போராட்டத்தில் அதை ஒழிப்பதும் ஒரு கோரிக்கை. 2023இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் குடும்பத்துக்கு 5 டெசிமல், அதாவது ஏறத்தாழ 2,180 சதுர அடி மனைப் பட்டா தர மாநில அரசு முன்வந்தது. தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கும் நிலம் முழுவதற்கும் தரவேண்டும் என்று மலையில் எதிர்ப்புக் கிளம்பியது.

“காகிதம் இல்லாத வீட்டில் ஏன் இவ்வளவு செலவு செய்தாய்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயை நானே நொந்துகொண்டேன். பஹினி சிரித்தார். “பட்டைக்கு விலை இல்லை. பிள்ளைகள் சிலிகுரிக்கும் டெல்லிக்கும் போகிறார்கள். விருந்தாளி வந்தால் என் மகள் இங்கேயே இருக்கலாம் அல்லவா? இத்தனை பேர் வந்து தங்கும் வீட்டை யார் சும்மா இடிப்பார்கள்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசி நாள் விடியுமுன் அஹல்தாரா என்னும் மேட்டுக்குப் போனோம். ஒரு பக்கம் 8,586 மீட்டர் உயரக் காஞ்சன்ஜங்கா ரோஜா நிறத்தில் எழுந்து நிற்க, மறுபக்கம் கீழே டீஸ்டா வெள்ளிக் கம்பியாய் ஓடியது. வர்ணிக்க என்னால் ஆகாது. என் வீட்டுக்காரர் பேசாமல் கைகூப்பினார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நவம்பரும் டிசம்பரும் வானம் தெளிந்திருக்கும். பக்கத்துச் சிட்டோங்கில் ஆரஞ்சு பழுத்திருக்கும். செங்கழுத்து இருவாட்சிப் பறவையைப் பார்க்க ஆசையிருந்தால் அது கூடுகட்டும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் போகலாம். மழைக்காலத்தில் வேண்டாம், அட்டை கடிக்கும், பாதை சரியும். 2023 அக்டோபர் வெள்ளத்தில் டீஸ்டா ஓரத்துச் சாலை பட்ட சேதம் கொஞ்சமல்ல. எல்லா வீட்டிலும் அயல்நாட்டாரைச் சேர்ப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் கொடுத்தோம். நம் கணக்கில் எண்பது வெள்ளிக்குள்.

புறப்படும்போது பஹினி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்து, “உங்கள் தோட்டத்து வீட்டின் படம் இருந்தால் அனுப்புங்கள், திதி. எங்கள் வீடு மாதிரி இருந்ததா என்று பார்க்க வேண்டும்” என்றார். ஊர் திரும்பித் தேடினேன். லயத்துக்கென்று எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அக்காள் கல்யாணப் படத்தில், மணவறைக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தூணும் பாதி சன்னலும் தெரிகின்றன. அதைத்தான் அனுப்பிவைத்தேன்.