தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர்கள் இருவர் ரயிலில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால், எந்த அணி என்று கேட்டு முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்துவிடும்: எத்தனை மைதானம் பார்த்தாயிற்று? அதன்பின் பேச்சு அணிகளை விட்டு விலகிப் போய்விடும். கூரை தாழ்வா உயரமா, எல்லைக்கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே எத்தனை அடி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தூண் மறைக்கும், வெளியூர் ரசிகர்களுக்கு எந்த மூலை, பழைய விளக்குக் கம்பங்கள் இன்னும் நிற்கின்றனவா. யார் ஜெயித்தார்கள் என்பதே மறந்துபோன ஊர்களில்கூட இந்த விவரங்கள் மறப்பதில்லை. லண்டனுக்குக் குடிவந்த நாள்முதல் நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இதற்கென்று ஒரு சங்கமே உண்டு. பிரீமியர் லீகில் 20 அணிகள், அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளில் தலா 24, ஆக மொத்தம் 92. இந்த அத்தனை அணிகளின் சொந்த மைதானங்களிலும் ஆட்டம் பார்த்து முடித்தவர்களுக்காக 1978இல் தொடங்கப்பட்டது 'நைன்ட்டி டூ கிளப்'. பட்டியல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் நான்காம் பிரிவின் கடைசி இரண்டு அணிகள் இறங்கிப் போக, கீழிருந்து இரண்டு ஏறி வரும். ஓர் அணி பழைய இடத்தை விட்டுப் புது அரங்கத்துக்குப் போனால் அங்கேயும் போயாக வேண்டும். ஜெர்மனியில் இப்படி அலைபவர்களுக்கு 'கிரவுண்ட்ஹாப்பர்' என்று பெயர். அவர்கள் நாட்டு எல்லைகளையும் தாண்டி, ஊர்ப்புறத்துப் புல்தரைகள் வரை போகிறார்கள்.

வெறும் எண்ணிக்கைப் பைத்தியம் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கையில் பட்டியல் இல்லையென்றால், லங்காஷயரின் அக்ரிங்டன் போன்ற பழைய நெசவாலை ஊருக்கு, தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு அணிகள் ஆடுவதைப் பார்க்க, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு லண்டனிலிருந்து யார் போவார்கள்? எண்ணிக்கை ஆளை வீட்டிலிருந்து கிளப்புகிறது. கிளம்பிப் போன இடத்தில் கண் வேறு எதையோ பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

முதலில் பிடிபடுவது, பழைய மைதானங்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பது. காரணம் எளிமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆலைத் தொழிலாளிகளுக்குச் சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்தது. அவர்கள் நடந்து வரும் தூரத்தில் ஆட்டம் நடக்க வேண்டும். வீட்டு வரிசைகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே மிச்சமிருந்த துண்டு நிலங்கள்தான் கிடைத்தன. கூட்டம் பெருகப் பெருக, தெரு இடம் கொடுத்த அளவுக்கு மட்டும் கட்டடம் வளர்ந்தது. லூட்டன் அணி 1905 முதல் ஆடிவரும் கெனில்வொர்த் ரோட்டில், ஓக் ரோடு என்ற சாதாரணத் தெருவின் ஒட்டு வீடுகளுக்குக் கீழே புகுந்துதான் வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகிறார்கள். இரும்புப் படியேறும்போது இருபுறமும் கொல்லைப்புறங்கள் தெரியும்; கொடியில் துணி காயும். யாரோ ஒருவரின் சமையலறை ஜன்னலுக்கு மேலாக நடந்துபோய் ஆட்டம் பார்ப்பது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு அது அன்றாடம். 2023இல் அந்த அணி பிரீமியர் லீகுக்கு ஏறியபோது, உலகின் பணக்கார அணிகளின் ரசிகர்களும் அதே படிகளில்தான் ஏறினார்கள்.

மேற்கு லண்டனில் ஃபுல்ஹாம் அணியின் கிராவன் காட்டேஜ் வேறு வகை. புட்னி பாலத்திலிருந்து தேம்ஸ் கரையோரம் பூங்கா வழியாக நடந்தால், செங்கல் முகப்பு ஒன்று ஏதோ பழைய பள்ளிக்கூடம்போல நம் முன் வந்து நிற்கும். மைதானத்தின் மூலையில் மாடம் வைத்த சிறு வீடு. அந்தச் செங்கல் ஸ்டாண்டும் மூலை வீடும் 1905இல் எழுந்தவை. உள்ளே மர இருக்கைகள், உட்காரும்போது முனகும். இரண்டையும் கட்டியவர் பெயர் ஆர்ச்சிபால்ட் லீச்.

அந்தப் பெயரை இந்தப் பயணங்களில் அடிக்கடி கேட்க நேரும். 1865இல் கிளாஸ்கோவில் பிறந்த பொறியாளர். பிரிட்டனின் இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களில் அவர் கை பட்டிருக்கிறது. சைமன் இங்கிலிஸ் என்ற எழுத்தாளர், பிரிட்டிஷ் மைதானங்களைக் கட்டடக் கலையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், லீச்சைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். லீச் தொழிலின் தொடக்கத்தில் கட்டியவை மைதானங்கள் அல்ல, ஆலைகள். அவற்றில் சில இலங்கையில், கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டையில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைகள்.

இதை முதன்முதலில் அறிந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். தெல்தோட்டை மலைப்பக்கம்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிராக்கினார். அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள். அவர்கள் தலையில் சுமந்து வந்த கூடைகள் இறங்கிய கட்டடங்களை வரைந்த கைதான் பின்னால் ஃபுல்ஹாமிலும் லிவர்பூலிலும் கிளாஸ்கோவிலும் தொழிலாளிகள் ஆட்டம் பார்க்கக் கூரை வரைந்தது. தகரக் கூரை, வரிசையாக இரும்புத் தூண், செலவை இறுக்கிப் பிடித்த கணக்கு. மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் பழைய ஸ்டாண்ட் ஒன்றுக்குள் நுழைந்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

லீச்சின் வாழ்க்கையில் பெரிய துயரம் ஒன்று உண்டு. 1902 ஏப்ரல் 5 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடின. அவர் வடிவமைத்த மரப்படி மேடையின் மேல்பகுதி கூட்டத்தின் பாரம் தாங்காமல் உடைந்தது. அங்கே நின்றவர்கள் அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். லீச் அன்று அங்கேயே இருந்து அதைப் பார்த்தார். மட்டமான மரம் போட்டதாக ஒப்பந்தக்காரர்மீது வழக்கு நடந்தது, அவர் விடுவிக்கப்பட்டார். அதற்குப் பிறகு லீச் உயர்ந்த மரச்சட்டங்களை விட்டுவிட்டு, கெட்டித்த மண்மேட்டின்மேல் படிகளை அமைக்கும் முறைக்கு மாறினார். கூட்டம் ஒரேயடியாக முன்னால் சரியாதபடி இடையிடையே இரும்புத் தடுப்புகளை வைத்தார். மேல்மாடி முகப்பில் இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுவது அவருடைய கையெழுத்து. லிவர்பூலில் எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க்கில், புல்லன்ஸ் ரோடு பக்கத்து ஸ்டாண்டில் அதை இன்றும் பார்க்கலாம். அழகுக்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடைந்து விழுவதைப் பார்த்த ஒரு மனிதர் தாங்கி நிற்க வேண்டிய இரும்பை மறைக்காமல் வெளியே காட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடிசனிலிருந்து ஸ்டான்லி பூங்காவைத் தாண்டினால் ஆன்ஃபீல்ட். எவர்ட்டன் முன்பு ஆடியதே இந்த ஆன்ஃபீல்டில்தான். 1892இல் இடத்துக்காரரோடு வாடகைத் தகராறு முற்றி அவர்கள் பூங்காவுக்கு அந்தப் பக்கம் போக, காலியான மைதானத்துக்காகத் தொடங்கப்பட்ட அணி லிவர்பூல். 1906இல் அங்கே கோல் கம்பத்துக்குப் பின்னால் பெரிய மண்மேட்டை எழுப்பியவரும் லீச்தான். அதற்கு ஓர் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் சூட்டிய பெயர் 'ஸ்பியன் கோப்'. 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அந்தப் பெயருள்ள குன்றின்மேல் போயர்களோடு நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் 200க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மாண்டார்கள். அவர்களில் பலர் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த பையன்கள். சனிக்கிழமை மதியம் அந்த மண்மேட்டில் நின்ற கூட்டத்தில் அவர்களோடு ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அந்தக் குன்றடியில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்தவர்கள் யார் என்பது ஆன்ஃபீல்டுக்கு வருகிற உலக ரசிகர்களில் அநேகருக்குத் தெரியாது. காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் மிகுதியானவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கருமே. காந்தியின் பெயர் வரலாற்றில் நின்றது. மைல் கணக்கில் தோள்மாற்றிச் சுமந்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. கோப்பில் பல்லாயிரம் குரல்கள் ஒன்றாக எழுகிற சத்தத்தைக் கேட்கும்போது என் மனம் அவர்களிடம் போகிறது. அந்த இடத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பழைய மைதானங்களைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்டின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்து, சில நிமிடங்களில் கூரை முழுதும் எரிந்து 56 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் கம்பிவேலிக்குள் அடைபட்டு நசுங்கியவர்கள் 97 பேர், எல்லாரும் லிவர்பூல் ரசிகர்கள். அந்தக் குடும்பங்கள் உண்மைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு மேல் பிரிவு மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை கட்டாயமானது. கோப்பில் கடைசியாக நின்றுகொண்டு ஆட்டம் பார்த்தது 1994 ஏப்ரல் 30. அந்த மாற்றம் உயிர்களைக் காத்தது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

என் வருத்தம் அதன்பின் எழுந்தவற்றைப் பற்றியது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக, கார் நிறுத்தப் பரந்த வெளியோடு ஒரே அச்சில் வார்த்த வட்டக் கிண்ணங்கள் வரிசையாக வந்தன. எங்கிருந்து பார்த்தாலும் பந்து தெரிகிறது, தூண் இல்லை, கழிப்பறை சுத்தம். ஆனால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் உள்ளே உட்காரவைத்தால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் தெரியாத ஊரில் இறங்கினால் நான்கு விளக்குக் கோபுரங்களைத் தேடி நடந்தால் போதும். இப்போது விளக்குகள் கூரை விளிம்புக்குள் ஒளிந்துகொண்டன. பாதுகாப்புக்கும் இந்த ஒரே முகத்துக்கும் சம்பந்தமில்லை. டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் இன்றும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கிறார்கள். போர்ச்சுகலின் பிராகாவில் எதுவார்து சோது தெ மோரா கல்குவாரிக்குள்ளேயே அரங்கத்தைக் குடைந்து, ஒரு கோலுக்குப் பின்னால் வெறும் பாறைச் சுவரை அப்படியே விட்டுவிட்டார். இங்கிலாந்திலும் 2022 முதல் கைப்பிடிக் கம்பியோடு, ஆளுக்கொரு இடம் என்ற ஏற்பாட்டில் நின்று பார்க்க அனுமதி திரும்பியிருக்கிறது.

குடிசனில் ஒருமுறை எனக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. டிக்கெட்டிலேயே பார்வை மறைக்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். பந்து தூணுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர், நான் கேட்காமலேயே, யார் காலில் பந்து, யார் விழுந்தார், ஏன் நடுவர் ஊதினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோல் விழுந்த நொடியில் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக் காட்டினார். அந்த இருக்கையில் உட்கார்ந்த யாருக்கும் அவர் இதைத்தான் செய்திருப்பார். மைதானங்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் 'பார்வை' என்ற பத்தியில் குடிசனுக்குக் குறைவாகத்தான் போடுவார்கள். நான் போட மாட்டேன்.

அந்த மைதானத்தில் எவர்ட்டன் ஆண்கள் அணி கடைசியாக ஆடியது 2025 மே 18. 1966 உலகக் கோப்பையில் வட கொரியா மூன்று கோல் முன்னணியில் இருந்தபோது யூசேபியோ நான்கு கோல் அடித்துப் போர்ச்சுகலை மீட்ட புல்தரை அது. மூலையில் ஸ்டாண்டுகளுக்கு நடுவே ஒரு தேவாலயம் தோளை நுழைத்துக்கொண்டு நிற்கும். ஆர்சனல் விட்டுப்போன ஹைபரி அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று. வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க் தரைமட்டமாயிற்று. குடிசனுக்கும் அதே கதிதான் என்று இருந்த நேரத்தில், அதை இடிக்காமல் பெண்கள் அணியின் சொந்த மைதானமாக வைத்துக்கொள்ள முடிவானது. இத்தனை வருடங்களில் பழைய மைதானம் ஒன்றைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல செய்தி அது.

புது அரங்கம் மெர்சி ஆற்றோரம் பிராம்லி-மூர் கப்பல் துறையில் இருக்கிறது. அதற்காக 1848இல் கட்டிய துறையை நிரப்பினார்கள். 2021இல் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குச் சொன்ன காரணங்களில் அந்தக் கட்டுமானமும் ஒன்று. சின்ன விலை அல்ல. ஆயினும் கிண்ணங்களுக்கு நடுவே இது தன் இடம் எதுவென்று தெரிந்த கட்டடம்: பழைய துறைச் சுவரை விட்டுவைத்திருக்கிறார்கள், கிடங்குகளைப்போல் செங்கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். குடிசன் திறந்தது 1892 ஆகஸ்ட் 24. இங்கே முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24.

லிவர்பூல் போகிறவர்கள் இரண்டையும் பாருங்கள். குடிசனுக்கு முதலில் போங்கள். புல்லன்ஸ் ரோடு முகப்பின் பின்னல் கண்ணில் நன்றாகப் பதியட்டும். பிறகு ஆற்றுப் பக்கம் இறங்கி, புது அரங்கத்தின் செங்கல் சுவரை நின்று பாருங்கள். லீச்சின் அதே குறுக்குப் பின்னலைச் செங்கல்லில் வைத்திருக்கிறார்கள். தெரிந்து தேடினால்தான் தெரியும்.