ஸ்கார்பரோவில் ஒரு தர்பூசணி



கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, "சார், நயாகரா பாத்தீங்களா? எழுதுங்க" என்று பலரும் கேட்கிறீர்கள். நயாகராவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது மகள் வீட்டுக் கொல்லையில் வளர்த்த தர்பூசணிக் கொடியைப் பற்றி. உங்களில் ஒருவனுக்கு நான் பட்ட கடனும் அதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மேல்மலையனூர் பக்கம் தர்பூசணி புதுமையான பயிர் இல்லை. மார்கழி, தையில் விதை ஊன்றினால் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் காய் வெட்டிவிடலாம். எழுபது, எண்பது நாள் கணக்கு. அங்காளம்மன் மாசித் தேர் பார்க்க வரும் கூட்டம் வெயிலுக்குக் கீற்று வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மகள் வீடு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். தமிழர்கள் நிறைய இருக்கும் இடம். கோடையில் கொல்லைக்குக் கொல்லை பாகலும் வெண்டையும் நிற்கும். நான் ஏப்ரல் கடைசியில் போய் இறங்கினேன். சும்மா இருக்க முடியவில்லை. அங்கேயே கடையில் 'சுகர் பேபி' விதைப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். சின்ன உருண்டைக் காய், சீக்கிரம் பழுக்கும் ரகம். மே முதல் வாரம் நல்ல வெயில் அடித்தது. மண்ணைக் கிளறி எட்டு விதை ஊன்றினேன். இரண்டு வாரம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடந்தன.

"அங்க யாரையாவது கேளுங்கப்பா" என்றாள் மகள். நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒருவன் தனியாக அழைத்தான். நம் ஊர்ப் பக்கம் வருடா வருடம் தர்பூசணி போடுகிறவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"சார், மேல வெயில் அடிச்சா போதாது. மண்ணு சூடா இருக்குதா பாருங்க" என்றான். உண்மைதான். தர்பூசணி ஆப்பிரிக்காவில் பிறந்த கொடி. மண் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் சரியாக முளைக்காது. நான் வெயிலைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் குளிர் தாங்காத செடிகளை, மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை வருகிற விக்டோரியா நாள் கழிந்த பிறகுதான் வெளியே நடுவார்களாம். அக்டோபரில் மறுபடி உறைபனி வந்துவிடும். இடையில் கிடைப்பது நான்கு மாதம். அதிலும் நல்ல சூடு இரண்டு, இரண்டரை மாதம்தான்.

அவன் சொன்னபடி காகிதக் கப்புகளில் விதை போட்டு வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தேன். வேர் அசைந்தால் கொடி சுணங்கிவிடும் என்பதால், ஜூன் முதல் வாரம் கப்பின் அடியைக் கிழித்துவிட்டு அப்படியே நட்டேன். மண்மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தேன். நம் ஊரில் மல்ச்சிங் ஷீட்டில் வெள்ளி நிறம் மேலே இருக்கும், வெயிலைத் திருப்பி அனுப்ப. அங்கே கறுப்பை மேலே போட வேண்டும், இருக்கிற வெயிலைப் பிடித்து வைக்க. இரவில் 15 டிகிரிக்கு இறங்கும்போது பழைய போர்வையால் மூடினேன். பேத்தி "தாத்தா செடிக்குத் தூக்கம்" என்பாள்.

ஜூலையில் பூ வந்தது. வந்ததெல்லாம் உதிர்ந்தது. பதறிப்போய் அழைத்தேன். எனக்கு இரவு எட்டு மணி, அவனுக்கு விடிகாலை ஐந்தரை. "பயப்படாதீங்க சார். முதல்ல வர்றது ஆண் பூ. பெண் பூவுக்குக் கீழ சின்னதா காய் இருக்கும். அது வந்ததும் காலையில ஆண் பூவைக் கிள்ளி அதுல தடவுங்க. ஒரு பூவுக்கு ஒரு காலைதான் சார், மதியம் மூடிக்கும்." ஜூலை 20-க்கு மேல் நான்கு காய் பிடித்தன. "ரெண்ட வச்சிட்டு மீதியக் கிள்ளிடுங்க. நாலையும் வச்சா குளிர் வர்றதுக்குள்ள ஒண்ணும் பழுக்காது" என்றான். கிள்ளும்போது கை வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பில் மாசி, பங்குனியில் இவன் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. நரிக்கும் திருட்டுக்கும் பயந்து வயலில் காவல். வீட்டில் வேறு ஆள் இல்லை. திரும்பி வந்தவனை வகுப்பு முன்னால் நிற்க வைத்து, "காய் விக்கவே போ, உனக்கு எதுக்குப் படிப்பு?" என்றேன். அந்தக் கோடைக்குப் பிறகு அவன் ஒன்பதாம் வகுப்பில் சேரச் செஞ்சிக்குப் போகவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் காரணமா, வீட்டு நிலைமையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் அவர்கள் வீட்டு வருடம் முழுவதும் இருந்தது என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. என் கையில் வருகைப் பதிவேடு மட்டும் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் போனில் இதைச் சொன்னேன். "அப்ப பேசினது தப்புப்பா." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அதை விடுங்க சார். காம்பு பக்கத்துச் சுருள் காஞ்சுதா? மண்ணுல படுற எடம் மஞ்சளாச்சா?" என்று கேட்டான். "இன்னும் இல்லை" என்றேன். "அப்ப தண்ணியக் குறைங்க. இனிப்பு ஏறும்."

செப்டம்பர் முதல் வாரம் வெட்டினேன். மூன்று கிலோ இருக்கும். நல்ல சிவப்பு. இனிப்பு நம் ஊர்ப் பழத்தில் முக்கால் பங்கு. படம் அனுப்பினேன். "நம்ம வியாபாரி இதைத் தள்ளி வச்சிடுவான் சார்" என்று பதில் வந்தது. கூடவே, "ஆனா குளிர்ல இதுவே பெருசு" என்றும் ஒன்று.

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனியில் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து 'ஆ' போட்டால், பிள்ளையைத் திட்டும் முன் வயல் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். போகாமல் விட்டவன் சொல்கிறேன்.

வரும் பங்குனியில் அவன் வயலுக்குப் போகிறேன். காவலுக்கு ஒரு இரவு நானும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "பனி இருக்கும் சார், போர்வை எடுத்துட்டு வாங்க" என்றான்.