அறுந்ததா? அவிழ்ந்ததா?

தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண் என்பது பழமொழி. மீன் கடிக்கும் கணத்தைத் தவறவிடாதவனே தேர்ந்த தூண்டிற்காரன் என்பது அதன் கருத்து. ஆயினும், கடித்த மீன் கரைக்கு வந்து சேருமா என்பது கண்ணால் மட்டும் முடிவாவதன்று. தூண்டில் நீரில் விழுவதற்கு முன்பே, நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு முடிச்சில் அது முடிவாகிவிடுகிறது. இவ்வுண்மையைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பிடோக் நீர்த்தேக்கத்தின் கரையில் கற்றுக்கொண்டான். கற்பித்தவரோ, வாழ்நாளில் ஒரு மீனையும் பிடித்தறியாதவர். பூக்கட்டிப் பிழைத்த முதியவர்.

தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் கேம்பல் லேனில் பூமாலைக் கடைகள் உண்டு. அக்கடைகளுள் ஒன்றில் அம்முதியவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாலை கட்டினார். கல்யாண மாலையும் அவர் விரல்களில் பிறந்தது. இறுதி ஊர்வலத்து மாலையும் அவர் விரல்களிலேயே பிறந்தது. ஓய்வு பெற்ற பின்னர் அவருக்கு வாய்த்த ஒரே வேலை, ஞாயிறுதோறும் பேரனுக்குத் துணையாகச் செல்வது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால், வண்டி மாறாமலே பிடோக் நீர்த்தேக்க நிலையத்தில் இறங்கிவிடலாம். 2017ஆம் ஆண்டில் டௌன்டவுன் பாதை கிழக்கே நீண்டதால் கிடைத்த வசதி அது.

முன்பு மணல் தோண்டிய பெரும்பள்ளமே 1986ஆம் ஆண்டில் பிடோக் நீர்த்தேக்கமாயிற்று. அங்கே குறித்துவிட்ட இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். உயிருள்ள இரை கூடாது, பொய்யிரை மட்டுமே தகும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. சிறுவன் நாடிச் சென்ற மீனுக்குப் ‘பீகாக் பாஸ்’ என்று பெயர். அமேசான், ஒரினோகோ ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் இவ்வூர் நீர்த்தேக்கங்களில் வந்தேறிப் பெருகிவிட்டது. வாலடியில் மயிற்பீலிக் கண்போல ஒரு வட்டம் இருப்பதால் அப்பெயர் பெற்றது. பாஸ் என்று வழங்கினாலும் அது உண்மையில் திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொய்யிரையைக் கண்டால் பசியினும் சினமே மிகுந்ததுபோல மோதிக் கவ்வும். கவ்விய வேகத்தில் திரும்பி ஓடும்.

ஒரு ஞாயிறு காலையில் அப்படியொரு மீன் அகப்பட்டது. கோல் வில்லாய் வளைந்தது. சிறுவன் கூவினான். மறுகணம் கோல் நிமிர்ந்தது; நூல் காற்றில் துவண்டது. அவன் முகம் சிவந்துவிட்டது.

“மலிவு நூல், தாத்தா. அதுதான் அறுந்துபோயிற்று. விலையுயர்ந்த பின்னல் நூல் வாங்க வேண்டும்.”

முதியவர் விலையைக் கேட்கவில்லை. நூலின் நுனியை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அது பாகற்கொடியின் பற்றுச்சுருள்போலச் சுருண்டிருந்தது.

“தம்பி, இது அறுந்ததா, அவிழ்ந்ததா?”

சிறுவனுக்கு விடை தெரியவில்லை. “அறுந்த நூல் சுருளாது ஐயா. சுற்றிச் சுற்றிக் கட்டியது உருவிக்கொண்டு வந்தால்தான் இப்படிச் சுருளும். நூல் உன்னைக் கைவிடவில்லை” என்றார் அவர்.

குற்றத்தை நூலின்மீது சுமத்துவது எளிது. கடைக்காரன்மீது சுமத்துவது அதனினும் எளிது. ஆனால், அந்நூல் 10 பவுண்டு, அதாவது ஏறத்தாழ நான்கரைக் கிலோ எடை தாங்கவல்லது. தப்பிய மீன் இரண்டு கிலோவைத் தாண்டியிராது. அப்படியிருக்க, நடு நூல் அறுவதற்கு நியாயம் ஏது? சிறுவன் கட்டிய முடிச்சை முதியவர் மீண்டும் கட்டச் சொல்லிப் பார்த்தார். ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டிய இடத்தில் மூன்றே சுற்று. உலர்ந்த நூலை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தான். எஞ்சிய நுனியை முடிச்சை ஒட்டியே பல்லால் கடித்துத் துப்பினான். மூன்று பிழைகளுக்கும் தாய் ஒன்றே, அது அவசரம்.

முதியவர் தம் இளமைக் காலத்தைச் சொன்னார். தஞ்சைச் சீமையில் அவர் பூக்கட்டக் கற்றபோது வாழைநாரைத் தண்ணீரில் நனைத்த பின்னரே கையில் கொடுப்பார்களாம். உலர்ந்த நார் முடிச்சு விழும் இடத்தில் முறியும். நனைந்த நாரோ வளைந்து கொடுத்துப் பூவின் காம்பை இறுகப் பற்றும். “நாருக்கு உள்ளது நரம்புக்கும் இருக்கும்” என்பது அவருடைய ஊகம்.

அவ்வூகம் பிழையன்று. கிணற்றுத் தாம்புக்கயிறு கையிலிருந்து வழுக்கி ஓடினால் உள்ளங்கை சுடுமன்றோ? உலர்ந்த நைலான் நூலை விரைந்து இறுக்கும்போது நூலோடு நூல் உராய்ந்து அதே சூடு பிறக்கிறது. அச்சூடு நூலின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். எச்சிலாலோ நீராலோ நனைத்து, மெல்ல மெல்ல இறுக்கினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமரும்.

நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கரோத்தர்ஸ் என்னும் வேதியியலாரின் உழைப்பால் பிறந்தது. அதற்கு முன்னர், பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்தெடுத்த நரம்பையே தூண்டிலின் முன்முனையில் கட்டினர். அதனை நீரில் ஊறவைத்துத்தான் முடிச்சிடுவர். ஊறாத நரம்பு முடிச்சிலேயே முறிந்துவிடும். மலாய்க்காரர் ‘தங்சி’ என்றும், ஈழத்து மீனவர் ‘தங்கூசி’ என்றும், தமிழக மீனவர் ‘நரம்பு’ என்றும் நூலுக்குப் பெயர் வழங்குகின்றனர். பெயர் பலவாயினும், நனைத்துக் கட்டு என்னும் பாடம் ஒன்றே.

அன்று முதல் சிறுவன் முடிச்சு பழகினான். நூலை முள்ளின் காதில் நுழைத்து, தாய்நூலின்மேல் ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைக் காதருகே உள்ள சிறுவளையத்தில் செலுத்தி, அதனால் உண்டாகும் பெருவளையத்தின் வழியே மீண்டும் செலுத்தி இறுக்குவது ஒரு முறை. ‘கிளிஞ்ச்’ முடிச்சின் திருந்திய வடிவம் அது. நூலை இரண்டாக மடித்துக் காதில் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, மடிப்பு வளையத்துக்குள் இரையையே நுழைத்து எடுத்து இறுக்குவது மற்றொரு முறை. அதனைப் ‘பாலோமர்’ என்பர். அவன் ஆசைப்பட்ட பின்னல் நூலோ வழவழப்பானது; நைலானுக்குப் போதுமான சுற்றுகள் அதற்குப் போதா. பழைய முடிச்சை அப்படியே அதில் கட்டியிருந்தால் மீன் இன்னும் விரைவாகத் தப்பியிருக்கும். அதற்குப் பாலோமரே ஏற்றது. எந்த முடிச்சாயினும், நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும். எறிவதற்கு முன் கையால் அழுத்தமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையில் அவிழ்ந்தால் நட்டம் ஒரு நிமிடம்; நீரில் அவிழ்ந்தால் நட்டம் ஒரு மீன்.

நூல் அறுவதும் இல்லாமலில்லை. சில வாரங்களுக்குப் பின் மீண்டும் ஒரு மீன் தப்பியது. இம்முறை சிறுவன் தானே நுனியைப் பார்த்தான். சுருள் இல்லை, சொரசொரப்பாய்ப் பிசிறியிருந்தது. “கல்லில் உராய்ந்திருக்கிறது, தாத்தா” என்றான். கரையோரப் பாறைகள் நூலின் முதல் ஓரிரு மீட்டரைத் தேய்த்துவிடும். தோமான் என்னும் பெருவிராலின் பற்களும் அவ்வாறே. நகத்துக்கும் விரலுக்கும் இடையே நூலை ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குப் புலப்படாத கீறலும் கைக்குப் புலப்படும். நடுநூலில் தானே விழுந்த சிறு முடிச்சு வலிமையில் பாதியைத் தின்றுவிடும். கோல் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது கத்தியாகும்; பஞ்சை உள்ளே ஓட்டினால், இழை சிக்கிக் காட்டிக்கொடுக்கும். வெயில் பட்டு முதிர்ந்த நூலை மாற்றியே ஆக வேண்டும். ரீலின் இழுவைத் திருகை நூலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதிருந்தால், மீன் ஓடும்போது நூல் இளகிக் கொடுக்கும்.

இவையெல்லாம் மீனை இழக்காதிருப்பதற்கான வழிகள் மட்டுமே என்று சிறுவன் எண்ணியிருந்தான். அவ்வெண்ணம் ஒருநாள் மாறியது. நீர்த்தேக்கத்து ஓரத்து மரத்தில் சாம்பல் நாரை ஒன்று தலைகீழாகச் சிறகடித்துக்கொண்டிருந்தது. யாரோ இழந்த நூல் அதன் காலைக் கிளையோடு பிணைத்திருந்தது. விலங்கு மீட்புப் பணியாளர் வந்து அதனை விடுவிக்கும்வரை பேரனும் பாட்டனும் அங்கேயே நின்றனர். காலில் நூல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது.

ரயிலில் திரும்பும்போது சிறுவன் மெதுவாகக் கேட்டான்: “தாத்தா, அன்று தப்பிய மீனின் வாயில் என் இரை இன்னும் மாட்டியிருக்குமா?”

“இருக்கலாம்” என்றார் முதியவர். வேறொன்றும் சொல்லவில்லை, ஆறுதலுக்காகப் பொய் சொல்லவுமில்லை.

அவிழ்ந்த முடிச்சுக்கு விலை கொடுப்பவன் கட்டியவன் மட்டும் அல்லன். வாயில் முள்ளோடு அலையும் மீன் கொடுக்கிறது. மக்காத நைலானில் சிக்கிய பறவை கொடுக்கிறது. கட்டியவனோ வேறு நூல் வாங்கிக்கொள்கிறான். இதனை உணர்ந்த நாளிலிருந்து சிறுவனின் பையில் ஒரு சிறு டப்பா இடம்பெற்றது. நறுக்கிய துண்டுகளும், கரையில் பிறர் விட்டுச் சென்ற நூலும் அதில் சேரும். வீட்டில் கத்தரியால் சிறு சிறு துண்டாக்கிய பின்னரே அவை குப்பைக்குப் போகும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஒரு காலை, மூடுபனிபோல நீராவி எழுந்த வேளையில், பொன்னிற மீன் ஒன்று கரைக்கு வந்தது. சிறுவன் கையை நனைத்து அதனை ஏந்தி, முள்ளை நீக்கி நீரில் விட்டான். அப்பால் இன்னும் சில மீன்கள் நீரைக் கலக்கித் துள்ளிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவர்கள் விரைந்து எறிந்தனர். அவன் எறியவில்லை. நூலின் முதல் ஒரு முழத்தை விரல்களால் தடவிப் பார்த்தான், கத்தரித்து டப்பாவில் போட்டான், ஆறு சுற்றுச் சுற்றி, உதட்டில் வைத்து நனைத்து, மெல்ல இறுக்கினான், இழுத்துப் பார்த்தான்.

கற்பலகையில் அமர்ந்திருந்த முதியவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும், மடியில் பூவே இல்லாதபோதும், அவனோடு சேர்ந்து ஒரு முடிச்சை இறுக்கின.