லாரிக்குப் பின்னால் நடப்பவர்கள்

கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் வுட்கிரேஞ்ச் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில், விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு பலவற்றில் இன்று இரண்டு மூன்று குடும்பங்கள். அத்தனை சமையலறைக் கழிவும் ஒரே குறுகிய முன்வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். மறுசுழற்சிக்கான ஆரஞ்சுத் தொட்டியும் அங்கேதான் நிற்கிறது.

குப்பை லாரிக்குப் பின்னால் நடக்கும் தொழிலாளர்களோடு ஒரு காலைப்பொழுது நானும் நடந்தேன். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். தொட்டியின் பிடியில் கை வைத்ததுமே அவருக்குப் பாதி தெரிந்துவிடுகிறது. காகிதமும் டின்களும் மட்டும் இருந்தால் தொட்டி லேசாக உருண்டு வரும். கனத்து இழுபட்டால் அடியில் ஈரக் குப்பை. மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். குழந்தையின் டயப்பர் கண்ணில் பட்டால் அந்தத் தொட்டி லாரியில் ஏறாது.

“ஒரு வீட்டில குழம்பு டப்பாவைக் கழுவாமல் போட்டால், பக்கத்து வீட்டுப் பேப்பரும் பழுதாப்போகும் தம்பி. லொறிக்குள்ள நசுங்கினாப் பிறகு எல்லாம் ஒண்டுதான்.”

எண்ணெய் ஊறிய அட்டையைக் கூழாக்கி மீண்டும் காகிதமாக்க முடியாது. சுத்தமான காகிதத்துக்கே ஆயுள் கணக்கு உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் இழை குறுகிக்கொண்டே போய், ஐந்து முதல் ஏழு முறைக்குள் நைந்துவிடும். அலுமினியம் அப்படியல்ல. ஒரு குளிர்பான டின்னை உருக்கிப் புது டின் செய்ய, பாக்சைட்டிலிருந்து செய்வதைவிட 95 சதவீதம் குறைவான ஆற்றல் போதும். காலால் எத்திவிட்டுப் போகிற பொருளுக்குள் அத்தனை சேமிப்பு அடங்கியிருக்கிறது.

ஃபாரஸ்ட் கேட் அடங்கிய நியூஹாம், மறுசுழற்சியில் இங்கிலாந்தின் கடைசி வரிசையில் பல ஆண்டுகள் இருந்தது. 2016-17இல் அதன் அளவு வெறும் 14 சதவீதம். இங்குள்ள மக்களுக்கு அக்கறை இல்லை என்று இதை வைத்துச் சொல்வது அநியாயம். கணக்கு எடையில் போடப்படுகிறது. பெரிய தோட்டம் உள்ள புறநகர்களில் வெட்டிய புல்லும் இலையுமே எண்ணிக்கையைத் தூக்கிவிடும். அடுக்ககங்களும் ஒட்டு வீடுகளும் நிறைந்த நியூஹாமுக்கு அந்த வசதி இல்லை. வாடகைக்கு வந்து, தொட்டியின் நிறம் பழகுவதற்குள் வீடு மாறுகிறவர்களும் இங்கே ஏராளம்.

நம் ஊரில் பழைய பேப்பரையும் இரும்பையும் யாரும் சொல்லாமலே பிரித்து வைத்தோம். பேரீச்சம்பழ வண்டி வந்தது, காயலான் கடை காசு கொடுத்தது. இங்கே கையில் காசு விழுவதில்லை. ஆனால் காசு இல்லாமல் இல்லை. 1986இல் தொடங்கிய கிழக்கு லண்டன் கழிவு ஆணையத்துக்கு நியூஹாம் உள்ளிட்ட நான்கு கவுன்சில்கள் பணம் கட்டுகின்றன. குப்பை கனத்தால் செலவும் கனக்கும். நிலத்தில் புதைப்பதற்கான வரி 1996இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கி, 2025 ஏப்ரலில் 126.15 பவுண்டாக உயர்ந்தது. குடியிருப்பவர் கட்டும் கவுன்சில் வரியில்தான் இந்தச் செலவும் வந்து சேர்கிறது. வீட்டுக்கு வரும் ரசீதில் இதைத் தெளிவாக அச்சிட்டால் எந்தப் பிரச்சாரத்தையும்விட அதிகம் வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

பிறகு பெக்டன் பக்கம் ஜென்கின்ஸ் லேன் மையத்துக்குப் போனேன். மெத்தை, மரம், குளிர்பதனப் பெட்டி, பெயின்ட் என்று மக்கள் தாங்களே கொண்டுவந்து போடும் இடம். கழிவுத் தொழிலில் இருப்பவர்கள் இன்று அதிகம் அஞ்சுவது அந்தப் பெரிய சாமான்களுக்கு அல்ல. லித்தியம் பேட்டரி நசுங்கினால் காகிதத்துக்கு நடுவே தீப்பற்றும். ஒருமுறை புகைத்து எறியும் வேப்களின் விற்பனைக்கு 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை என்றாலும், பொம்மை, ரிமோட், பல்துலக்கி என எல்லாவற்றிலும் பேட்டரி இருக்கிறது.

யாழ்ப்பாணத்து அண்ணை காலையில் கேட்டுக்கொண்டதும் இதைத்தான். “போத்தல் மூடி, லேபிள் எல்லாம் பிறகு பாப்பம். பற்றறியை மட்டும் தொட்டிக்குள்ள போடாதேங்கோ. பின்னால நிக்கிறது நாங்கள்.” ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் சிறு பேட்டரி விற்கும் கடைகள், தீர்ந்தவற்றை இலவசமாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது சட்டம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அதற்கென்றே பெட்டி வைத்திருக்கிறார்கள். அரிசி வாங்கப் போகும்போது பையில் போட்டு எடுத்துப் போனால் போதும்.