சந்தா நின்ற பிறகு

தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு ஒத்துவராது. கதை எழுதுகிறவன் இரண்டு பக்கத்து நியாயத்தையும் பார்த்துப் பழகிவிட்டவன். நீதிபதி ஆசனத்தில் உட்கார வைத்தால், இரண்டு பேருக்கும் ஜயம் என்று எழுதிவிட்டு எழுந்து போகத்தான் அவனுக்குத் தோன்றும். ஆனாலும் சென்ற வருஷம் வேப்பம்பட்டில் என் வீட்டுக் கூடத்திலேயே ஒரு வழக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வாதி என் மகன். பிரதிவாதி என் தங்கை மகன். இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று தெரு.

இரண்டு வீட்டிலும் டெலிவிஷனோடு சேர்த்து ஆடுகிற விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. ஒன்று ஸோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன். மற்றது மைக்ரோஸாப்டின் எக்ஸ்பாக்ஸ். எது யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் கட்சி சேர்ந்துவிடுவீர்கள்.

பெட்டியை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அது பிள்ளையார் சுழி என்று பிறகுதான் தெரிந்தது. புது ஆட்டம் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. பெரும்பாலான ஆட்டங்களில் வெளியூர்ப் பையன்களோடு சேர்ந்து ஆடவேண்டுமானால் கம்பெனிக்குத் தனியாகச் சந்தா கட்டவேண்டும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு மாதந்தோறும் சில ஆட்டங்கள் 'இலவசம்'. யாருடைய இலவசம் உசத்தி என்பதுதான் வழக்கு.

"மாமா, நீங்க நாவல் எல்லாம் எழுதுறவரு. நீங்களே நியாயமாச் சொல்லுங்க" என்றான் தங்கை மகன்.

நாவலுக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நடுவே கோடு கிழித்து, விசாரணையை ஆரம்பித்தேன்.

ஸோனியின் சந்தாவுக்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் என்று பெயர். 2010-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிறந்தது. மாதந்தோறும் ஆட்டம் கொடுக்கும் வழக்கம் 2012-ல் பெரிய அளவில் விரிந்தது. கொடுத்ததில் பழைய சரக்கு மட்டும் இல்லை. கார்களை வைத்துப் பந்து விளையாடும் ராக்கெட் லீக் 2015 ஜூலையிலும், பொம்மைகள் விழுந்து புரளும் ஃபால் கைஸ் 2020 ஆகஸ்டிலும், வெளியான அன்றே சந்தாதாரர்களின் கைக்கு வந்தன. 2018 மார்ச்சில் பிளட்போர்ன் கிடைத்தபோது உலகம் பூராவும் பையன்கள் குதித்தார்களாம். ஒரு நிபந்தனை உண்டு. அந்த மாதத்து ரேஷனை அந்த மாதமே வாங்குவதுபோல, அந்தந்த மாதத்து ஆட்டத்தை அந்த மாதத்திலேயே தன் பெயரில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோஸாப்ட் இந்தப் போட்டியில் 2013-ல் இறங்கியது. 'கேம்ஸ் வித் கோல்ட்' என்ற அந்த ஏற்பாட்டை அறிவித்தபோதே அசாசின்ஸ் கிரீட் 2, ஹேலோ 3 என்று இரண்டு பெரிய பெயர்களைச் சொல்லி அறிவித்தார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற அந்தக் காலத்துப் பெட்டிக்கு மாதம் இரண்டு ஆட்டம். நாளாக ஆக, இலவசத்தின் தரம் இளைத்துவிட்டது என்று சந்தாதாரர்களே முணுமுணுத்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து 360-க்குப் புதிதாக எதுவும் சேரவில்லை. 2023 செப்டம்பரில் ஏற்பாடே முடிந்துபோயிற்று. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது 2017-லேயே தொடங்கியிருந்த கேம் பாஸ். அது வாடகை நூலகம் மாதிரி. நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் அலமாரியில் இருக்கும். மாதாமாதம் சில வரும், சில போகும். உயர்ந்த வகுப்புச் சந்தாவுக்குப் பல புது ஆட்டங்கள் வெளியாகிற நாளிலேயே கிடைக்கும். அந்த வகுப்பின் கட்டணத்தை 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலருக்கு ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் நோட்டில் ஏறியது. மாதக் கொடையில் ஸோனி, அலமாரியின் நீளத்தில் மைக்ரோஸாப்ட் என்று வழவழா கொழகொழா தீர்ப்பு ஒன்றை மனத்துக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் தங்கை மகன் வருவது நின்றுபோயிற்று.

என் தங்கையின் கணவர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். காலையில் எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினால் செவ்வாப்பேட்டை, அடுத்தது புட்லூர், இறங்கிப் போய்விடுவார். பட்டறையில் ஆர்டர் குறைந்து இரண்டு ஷிப்ட் ஒன்றாகிவிட்டது. ஓவர்டைம் நின்றது. ஒன்றாம் தேதிச் செலவுகளில் எதை எல்லாம் வெட்டலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டபோது, விளையாட்டுச் சந்தாதான் முதலில் வெட்டுப்பட்டது. அதில் தவறு ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு நாள் தங்கை வந்தாள். "அண்ணா, பத்து நாளா அவன் பொட்டியைத் தொடவே மாட்டேங்கிறான். கேட்டா, சலிச்சுப் போச்சும்மாங்கிறான். நீங்க வந்து பாருங்களேன்" என்றாள்.

போனேன். என்னைப் பார்த்ததும் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைப் போட்டுக் காட்டினான். வரிசையாக ஆட்டங்களின் படங்கள். இரண்டு வருஷமாக இறக்கி வைத்தவை. ஒன்றை அமுக்கினான். சந்தா கட்டினால் ஆடலாம் என்று வந்தது. இன்னொன்றை அமுக்கினான். அதே பதில்.

"இதெல்லாம் என்னுதுன்னு நெனச்சேன், மாமா."

கம்பெனியின் மேல் குற்றமில்லை. இப்போதுள்ள சந்தாக்களில் இரண்டு கம்பெனிக்கும் விதி ஒன்றேதான். சந்தா உள்ளவரைதான் ஆட்டம். முதல் நாளே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்காமல் சம்மதம் சொன்னவர்கள் நாங்கள். நோட்டுப் போட்டு விசாரணை நடத்திய நானும் எண்ணிக்கையைப் பார்த்தேனே ஒழிய, இந்த ஒரு வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றேன்.

"அப்பாதான் சொன்னாரு, புதுசா ஒண்ணும் வேணாம், ஏற்கெனவே குடுத்தத வச்சு ஆடிக்கிட்டிருடான்னு. சரிப்பான்னுட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க மாமா. சொன்னா கடன் வாங்கியாவது கட்டிடுவாரு."

எனக்குத் தொண்டை அடைத்தது. "நான் கட்டுகிறேன்" என்றேன்.

"எத்தினி மாசம் கட்டுவீங்க?" என்று கேட்டான்.

எடுத்தெறிந்து பேசவில்லை, நிஜமாகவே கணக்குக் கேட்டான். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அன்று இரவு எனக்குப் பாட்டியின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. சந்தா என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டதே அந்தப் பெட்டியிலிருந்துதான். கல்கியில் 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் செய்ததைப்போல என் பாட்டியும் வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைத்து பைண்டு செய்தாள். நடுவே இரண்டு வாரம் இல்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் என் அம்மா பிறந்தாளாம். பிறகு தாத்தாவுக்குக் கஷ்டகாலம் வந்து பத்திரிகைச் சந்தா நின்றுவிட்டது. ஆனால் சந்தா நின்றதால் பைண்டு பண்ணின புஸ்தகத்தை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. முப்பது நாற்பது வருஷம் கழித்து, அந்த இரண்டு வாரத்துக் கதையை என்னவாக இருக்கும் என்று நானே கற்பனை செய்துகொண்டு படித்தேன். நான் எழுத வந்ததற்கு அந்த ஓட்டையும் ஒரு காரணம்.

இலவசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் அகராதி வேண்டியதில்லை. 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொல்லித் தந்தது. 2011-ல் வந்த அ.தி.மு.க. ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்து அவற்றுக்கு 'விலையில்லா' என்று பெயர் சூட்டியது. கொடுத்தது சரியா தவறா என்று பேசுகிறவர்கள் பேசட்டும். கொடுத்த பொருள் வீட்டோடு தங்கிவிட்டது. அடுத்த தேர்தலில் ஓட்டு மாறிப்போட்டவர் வீட்டு மிக்ஸி நின்றுவிடவில்லை.

மறுநாள் பரண் மேல் ஏறினேன். என் தம்பி 2017-ல் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன பழைய எக்ஸ்பாக்ஸ் 360 அங்கே கிடந்தது. கூடவே செங்கல் பருமனுக்கு ஒரு மின்சார அடாப்டர். நடந்த விசாரணையில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்து ஒதுக்கிய பெட்டி இது. தம்பி அந்த நாளில் மாதம் இரண்டாக வாங்கின ஆட்டங்கள் அதற்குள் இருந்தன. கேம்ஸ் வித் கோல்டில் ஒரு விசேஷம் உண்டு: 360-க்குக் கொடுத்த ஆட்டம் சந்தா நின்றாலும் வாங்கினவனுக்கே சொந்தம். அதன் பிறகு வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தப் பெட்டிக்கென்று இருந்த கடையை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். வாங்கி வைத்ததை ஆடத் தடையில்லை.

என் வீட்டு டெலிவிஷனை மற்றப் பெட்டி பிடித்துக்கொண்டிருந்ததால், அப்பாவின் ரேஷன் கார்டுக்கு வந்த பதினாலு அங்குலத் தொலைக்காட்சியைத் தூசி தட்டி எடுத்தோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை மாட்டினோம். பெட்டி மாவு ஆட்டுகிற மாதிரி இரைந்தது. எழுத்துகள் கடுகு கடுகாகத் தெரிந்தன. ஆனால் சண்டை ஆட்டம் ஒன்று திறந்துகொண்டது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம். சந்தா கட்டச் சொல்லி எதுவும் கேட்கவில்லை. பையன்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எட்டு மணிக்குத் தங்கையின் கணவர் வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து நேரே வந்தார். பையைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மகன் ஜெயித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான்! இருக்கிறத வச்சே ஆடலாம்னு நான் அப்பவே சொன்னேன்."

பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன்.

இதைப் பிரசுரிக்கலாமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பட்டறையில் மறுபடி இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. அப்பாவுக்கு இப்போது சொல்லலாம் என்கிறான். சந்தாவைப் புதுப்பித்துத் தருவதாக அவர் சொன்னபோது, ஒரு மாசம் போகட்டும் என்றானாம். வழக்கு என்னவாயிற்று என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. தங்கை அதைப் பால் கணக்கு எழுத எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.