எண்கள் மட்டும் காட்டைக் காப்பாற்றுமா?

'பிக் டேட்டா' வந்துவிட்டது, இனி பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கணினியே வழி சொல்லிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தகவல் குவிந்தால் மட்டும் போதுமா? பிரேசிலின் அமேசான் காட்டில் நடந்ததைப் பார்ப்போம்.

காட்டை வெட்டி எரித்தால் மரங்களில் சேர்ந்திருந்த கார்பன் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. அதனால் அந்தக் காட்டின் கணக்கு உலகத்துக்கே முக்கியம். பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான 'இன்பே' 1988 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆண்டுதோறும் இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. ஆனாலும் 2004-ல் ஏறக்குறைய 27,800 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. வெட்டி முடித்த பிறகு வரும் கணக்கு, நஷ்டத்தைப் பேரேட்டில் எழுதி வைக்கத்தான் உதவும்!

அதே 2004-ல் 'டெட்டர்' என்ற எச்சரிக்கை முறை தொடங்கியது. காடு அழியும் இடங்கள் சில நாட்களிலேயே தெரிந்தன. அதிகாரிகள் நேரில் போய் அபராதம் போட முடிந்தது. 2008-ல் மத்திய வங்கியும் ஒரு விதி கொண்டுவந்தது. அமேசான் பகுதியில் விவசாயக் கடன் வேண்டுமென்றால் நில ஆவணமும், சுற்றுச்சூழல் சட்டத்தை மதித்ததற்கான சான்றும் காட்ட வேண்டும். வணிகவியல் படிப்பவர்களுக்கு இதன் பலம் சொல்லாமலே புரியும். கடன் நின்றால் தொழில் நிற்கும். புதிய காப்புக்காடுகள், சோயா வியாபாரிகள் 2006-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகியவையும் சேர்ந்து, 2012-ல் அழிவு சுமார் 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2019-ல் காடழிப்பு கூடுவதை இன்பே காட்டியபோது, அன்றைய அதிபர் போல்சனாரோ அந்த எண்களே பொய் என்றார். நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ பதவி இழந்தார். செயற்கைக்கோள்கள் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. கண்காணிப்பும் தண்டனையும்தான் தளர்ந்தன. 2021-ல் 13,000 சதுர கிலோமீட்டர் போயிற்று. 2023-ல் ஆட்சி மாறி, நடவடிக்கைகள் மறுபடி தொடங்கின. 2024-ல் அழிவு சுமார் 6,300 ஆக இறங்கியது.

இத்தனை ஏற்ற இறக்கத்திலும் தகவல் ஒரு வருடம்கூட நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே கோடிக்கணக்கில் செலவு செய்து தகவல் சேர்க்கும் எந்த அரசையும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எண் வந்த மறுநாள் யார் புறப்பட்டுப் போவார்கள், யாருடைய கடன் நிற்கும்? அதற்குப் பதில் இருந்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.